தாயைப் பார்த்தீர்களா?

பிள்ளைகள் வளரும் இல்லங்களில் என்றேனும் ஒரு நாள் எழாமல் போகாத கோரிக்கை ஒன்று உண்டு. "நம் வீட்டில் ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாமா?" என்பதே அது. எங்கள் இல்லத்தில் அது 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் எழுந்தது. அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் இளைய மகன், இவ்வாண்டு கிறிஸ்மஸுக்குத் தனக்குப் புத்தாடை வேண்டாம், நாய்க்குட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவனுடைய அக்காளும் அவனோடு சேர்ந்துகொண்டாள். திண்டுக்கல்லில் சாலையோரத்தில் அமைந்த எங்கள் சிறிய வீட்டில் அதற்கு இடமேது என்று நான் தயங்கினேன். ஆனால் என் மாமியார் பேரப்பிள்ளைகளின் பக்கம் நின்றார். என் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில், அவர்களுடைய கடலைக் கொல்லைக்கு ஒரு ராஜபாளையம் நாய் காவல் இருந்ததாம். அதன் வெள்ளை நிறத்தையும், இளஞ்சிவப்பு மூக்கையும், நெடிய கால்களையும், அந்நியர் எவரையும் அண்டவிடாத அதன் மிடுக்கையும் அத்தை சொல்லக் கேட்டபோது என் மனமும் இளகிற்று.

அதன்பின் நாங்கள் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மிக்ஸி வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு உண்டு உறங்கப்போகும் ஓர் உயிரை வாங்குவதற்கோ ஒரே ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமென்று எண்ணிவிட்டோம். என் கணவரின் நண்பர் ஒருவர் யாரோ ஒரு தரகரின் எண்ணைக் கொடுத்தார். அவர் கைப்பேசியில் ஒரு வெள்ளைக் குட்டியின் படத்தை அனுப்பினார். பஞ்சுப் பொதி போன்ற அந்தப் படத்தைக் கண்டதும் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். விலை 5,000 ரூபாய். பாதியை முன்பணமாக அனுப்பினோம். டிசம்பர் 22-ஆம் நாள் பேருந்து நிலையத்தின் வாயிலில் ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து குட்டியை எடுத்து என் கணவரின் கையில் கொடுத்து, மீதிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அந்த மனிதர் போய்விட்டார். நாற்பத்தைந்து நாள் குட்டி என்றார். ஊசியெல்லாம் போட்டாயிற்று என்றார். காகிதங்கள் பின்னால் வருமென்றார்.

குட்டி வீட்டிற்குள் வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தாயைப் பார்த்தீர்களா?"

"தாய் ஊரில் இருக்கிறதாம் அம்மா," என்றார் என் கணவர்.

அத்தை அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. குட்டியைத் தூக்கி அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால் மறக்காத பிள்ளையாக இருக்கிறதே," என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் குட்டி உணவைத் தொடவில்லை. மாலைக்குள் வாந்தி, இரவில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். "யார் சொன்னது நாற்பத்தைந்து நாளென்று? பால் பற்களே இப்போதுதான் வெளிவருகின்றன. ஐந்து வாரம்கூட ஆகியிராது," என்றார். பிறகு ஒரு சிறு சோதனை செய்து, பார்வோ என்னும் கிருமி நோய் இது என்று அறிவித்தார். 1978-ஆம் ஆண்டளவில் உலகின் பல நாடுகளில் தலைகாட்டிய இந்நோய், இன்று குட்டி நாய்களைக் கொல்லும் நோய்களில் முதன்மையானவற்றுள் ஒன்று என்றும், கிருமி உள்ளே புகுந்து ஏறக்குறைய மூன்று முதல் ஏழு நாட்களில் நோய் வெளிப்படும் என்றும், ஆகையால் குட்டி எங்களிடம் வரும்போதே நோயைச் சுமந்து வந்திருக்கக்கூடும் என்றும் விளக்கினார். மூன்று நாட்கள் குளுக்கோஸ் ஏற்றினார். டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில், என் மகனின் பழைய சட்டை ஒன்றின்மேல் படுத்தபடியே அது உயிர்விட்டது. எங்களோடு அது இருந்தது எட்டே நாட்கள்.

கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் குழி தோண்டினோம். என் கணவர் மண்ணைத் தள்ளினார். அழுது ஓய்ந்திருந்த என் மகன் என் சேலையைப் பற்றி இழுத்து மெல்லக் கேட்டான்: "அம்மா, இதனுடைய அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் ஓர் ஆசிரியை. பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்வதே என் தொழில். ஆனால் அன்று எனக்கு வாய் எழவில்லை. அந்தத் தாய் எந்த ஊரில் இருந்தது, எத்தனை முறை ஈன்றது, உயிரோடுதான் இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. அது ஒரு தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்ற நினைவே பணம் கொடுத்த எங்களுக்கு அதுவரை எழவில்லை.

தரகருக்குத் தொலைபேசியில் பேசினோம். "கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது," என்றார். மறுநாள் முதல் எங்கள் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை. தேடிச் செல்வதற்கு ஒரு முகவரிகூட எங்களிடம் இல்லை. துன்பம் அதோடும் முடியவில்லை. விளையாடும்போது குட்டியின் கூரிய பற்கள் பிள்ளைகள் இருவரின் கைகளிலும் கீறியிருந்தன. பார்வோ மனிதருக்குத் தொற்றாது. ஆயினும் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குட்டி என்பதால், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வதே நல்லதென்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். புத்தாண்டின் முதல் மாதம் முழுவதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான்கு முறை ஊசிக்கு நடந்தேன். ஒவ்வொரு நடையும் எனக்கு ஒரு பாடமாயிற்று.

கால்நடை மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் அமரவைத்துப் பொறுமையாக விளக்கினார். பார்வோக் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் அதற்கும் அதே கதிதான். வீட்டுத் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவச் சொன்னார். குட்டி படுத்த துணிகளை எரிக்கச் சொன்னார். குறைந்தது ஓர் ஆண்டளவாவது பொறுக்கச் சொன்னார். தாய்ப்பாலின் வழியே குட்டிக்கு வரும் நோய் எதிர்ப்பு ஆற்றல் சில வாரங்களில் குறைந்துவிடும். அது முற்றிலும் குறையும்வரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் ஊசியும், பின்பு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மறு ஊசியும் போடவேண்டியிருக்கிறது. "ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று ஐந்து வாரக் குட்டியைப் பற்றி ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்," என்றார்.

இறுதியாக அவர் சொன்னது என் மனத்தில் பதிந்தது: "அடுத்த முறை குட்டியைத் தேடாதீர்கள் டீச்சர், ஆளைத் தேடுங்கள். குறிப்பிட்ட இனம்தான் வேண்டுமென்பதும் இல்லை. தெருவில் பிறந்த குட்டியும் அருமையான துணைதான். ஆனால் இனநாய்தான் வேண்டுமென்றால், அதை இவ்வுலகிற்குக் கொண்டுவருகிறவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் பாருங்கள்."

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அத்தைதான் பேச்சை மீண்டும் எடுத்தார். மகன் நாயைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தான். தெருவில் குட்டி எதையேனும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "பயந்துபோய் நிற்கிறான். இதை இப்படியே விடக்கூடாது," என்றார் அத்தை. எங்கள் மருத்துவர் ராஜபாளையத்தில் தொழில் செய்யும் தம் நண்பரான மருத்துவரிடம் விசாரித்தார். அவர் கேட்ட முறை எனக்குப் பிடித்திருந்தது. 'நல்ல குட்டி எங்கே கிடைக்கும்?' என்று அவர் கேட்கவில்லை. 'தம் பெட்டை நாய்களை நோயில்லாத நாளிலும் உங்களிடம் காட்டுவதற்குக் கொண்டுவருகிறவர் யார்?' என்று கேட்டார். இரண்டு பெயர்கள் வந்தன. அவர்களுள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். "இப்போது குட்டி கிடையாது. ஒரு பெட்டை சினையாக இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் ஈனும்," என்றார். பின்பு அவர் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். சொந்த வீடா, வாடகை வீடா? சுற்றுச்சுவர் உண்டா, அதன் உயரம் எவ்வளவு? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பிள்ளைகளின் வயது என்ன? நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுவீர்களா? காலையும் மாலையும் நடத்திச் செல்ல ஆள் உண்டா? இதற்குமுன் நாய் வளர்த்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, குட்டி இறந்து எத்தனை மாதமாயிற்று, எங்கே புதைத்தீர்கள், தரையை எதனால் கழுவினீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பெண் கேட்டுப் போனவர்களிடம் பெண்ணைப் பெற்றவர் விசாரிப்பதுபோல இருந்தது அது. என் கணவருக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. "பணம் கொடுப்பது நாம்; கேள்வி கேட்பது அவரா?" என்றார். அத்தை சிரித்தார். "கேட்காமல் கொடுத்தவனிடம் வாங்கித்தானே அழுதோம்?" என்றார்.

நவம்பர் முதல் வாரத்தில், குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகி முதல் ஊசி போட்ட பின்பு, பார்ப்பதற்கு மட்டும் வரச்சொன்னார். மகனையும் அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் மதுரை வழியாகப் பேருந்தில் சென்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் உடன் வரத் தொடங்கிற்று. ஊரின் ஓரத்தில், தென்னை மரங்கள் சூழ்ந்த சுவருக்குள் அவருடைய வீடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்த பின்னரே உள்ளே விட்டார். "வெளியிலிருந்து நோயைக் கொண்டுவருவது நாய் மட்டுமல்ல, நம் கால்களும்தான்," என்றார்.

முதலில் அவர் காட்டியது தாயை. உயரமான, மெலிந்தாலும் எலும்பு துருத்தாத வெள்ளைப் பெட்டை. எங்களைக் கண்டதும் உறுமிற்று. அவர் ஒரு சொல் சொன்னார், உறுமல் நின்றது, ஆனால் கண்கள் எங்களை விட்டு அகலவில்லை. "இந்த இனத்தின் குணம் இது. அந்நியரிடம் உடனே ஒட்டாது. ஆனால் காரணமில்லாமல் நடுங்கினாலோ, வளர்த்தவன் சொல்லுக்கும் அடங்காமல் பாய்ந்தாலோ, அந்தத் தாயின் குட்டியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு நான் கொடுக்கமாட்டேன்," என்றார். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்ற பழமொழியை நாமெல்லாரும் சொல்கிறோம். ஆயுள் முழுதும் நூலைக் கையால் தொட்டுத் தரம் பார்த்த அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை, செய்துகொண்டிருந்தார். தந்தை நாய் இரண்டு தெரு தள்ளி வேறொருவர் வீட்டில் இருந்தது. அதையும் நடத்திச்சென்று காட்டினார்.

பிறகு ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தை விரித்தார். சேர்த்த நாள், ஈன்ற நாள், ஒவ்வொரு குட்டியின் வாராந்தர எடை, இரண்டாம் வாரத்திலிருந்து கொடுத்த குடற்புழு மருந்து, முதல் ஊசியின் நாள், முந்தைய ஈற்றுக் குட்டிகள் போய்ச் சேர்ந்த வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. தாய்க்கு வயது மூன்றரை. இது இரண்டாவது ஈற்று. இடையில் ஓராண்டுக்குமேல் ஓய்வு. தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் சீட்டு ஒட்டப்பட்டு, மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. நாய் இனவிருத்தி செய்து விற்பவர்களுக்கென மத்திய அரசு 2017-ஆம் ஆண்டு விதிகள் வகுத்ததையும், அவற்றின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். கென்னல் கிளப் சான்றிதழைப் பற்றி என் கணவர் கேட்டார். "அதுவும் உண்டு. ஆனால் அந்தக் காகிதம் குட்டியின் பாட்டன் பாட்டி பெயரைச் சொல்லும். வயிறு சுத்தமா, காது கேட்குமா என்று சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்," என்றார்.

குட்டிகள் ஏழு. அவற்றுள் மிகப் பெரியதும் கொழுகொழுவென்றிருந்ததுமான ஆண் குட்டி நேராக வந்து என் மகனின் மடியில் ஏறிற்று. பத்து மாதத்திற்குப் பிறகு அவன் ஒரு நாயைத் தொட்டான். அவன் முகத்தைக் கண்ட எனக்கு வந்த காரியம் முடிந்ததாகவே தோன்றிற்று.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டில் கேழ்வரகுக் கூழும் மோரும் கலந்து வைத்தார். ஏழும் தட்டைச் சூழ்ந்துகொண்டன. அவர் என் மகனை அழைத்து, ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, "தம்பி, அவற்றின் கண்ணில் படாமல் பின்னால் போய் நின்று இதைக் குலுக்கு. தரையில் காலை மிதிக்காதே," என்றார். அவன் குலுக்கினான். ஆறு தலைகள் உடனே நிமிர்ந்தன. ஒன்று மட்டும் தின்றுகொண்டே இருந்தது. மகனின் மடியில் ஏறிய அந்தப் பெரிய குட்டிதான் அது. மீண்டும் குலுக்கினான். அப்போதும் அது நிமிரவில்லை.

"இவனுக்குக் காது கேட்காது," என்றார் பெரியவர். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நாய்களில் இந்தக் குறை சில வேளைகளில் பிறவியிலேயே வருமாம். உடலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாதபோது கேட்கும் நரம்பு முனைகள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகின்றன. "இரண்டு காதும் கேளாதது இந்தச் சோதனையில் தெரியும். ஒரு காது மட்டும் கேளாமலிருந்தால் தெரியாது. அதற்குக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ஆகையால் மற்ற ஆறும் குறையற்றவை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்," என்றும் சொன்னார்.

என் மகன் அந்தக் குட்டியை இறுக அணைத்துக்கொண்டான். "கேட்காவிட்டால் பரவாயில்லை. நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு இவன்தான் வேண்டும்," என்றான். என் கணவர் தாழ்ந்த குரலில், "அப்படியானால் விலையைக் குறைத்து இவனையே தரலாமே?" என்று கேட்டுவிட்டார். பெரியவரின் முகம் மாறிற்று. "விலையைக் குறைத்தால் குறை தீருமா ஐயா?" என்றார். பிறகு என் மகனின் அருகே அமர்ந்து கேட்டார்: "தம்பி, உன் வீட்டு வாசலில் என்ன ஓடுகிறது?"

"பஸ் ஓடும், லாரி ஓடும்," என்றான்.

"ஒரு நாள் கதவு திறந்திருக்கும். இவன் வெளியே ஓடுவான். நீ கூப்பிடுவாய். லாரிக்காரனும் ஒலி எழுப்புவான். இவனுக்கு இரண்டும் கேட்காதே. உனக்கு மறுபடியும் ஒரு குழி தோண்ட நான் உதவக்கூடாது. இவன் என்னோடு இருப்பான். இங்கே நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது." அதோடு என்னைப் பார்த்து, "இந்த ஜோடியை இனிச் சேர்க்கமாட்டேன் அம்மா. நல்ல ஜோடிதான், கேட்பவர்களும் நிறைய. இருந்தாலும் இது தெரிந்த பிறகு செய்யக்கூடாது," என்றார்.

அவர் இழந்தது கொஞ்சமல்ல. அந்தக் குறையை அவர் மறைத்திருந்தால் நாங்கள் கண்டிருக்கவே மாட்டோம். மகிழ்ச்சியோடு முழு விலையும் கொடுத்துத் தூக்கிவந்திருப்போம். வெறுங்கையோடு திரும்பும் வழியில், ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத மகனைப் பார்த்தபடி நான் எண்ணிக்கொண்டேன். முந்தைய ஆண்டு எங்களுக்கு எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்ற ஒருவர் கிடைத்தார். இவ்வாண்டு 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்திருக்கிறார். எங்களுக்கு வேண்டியிருந்தது இவரே.

எங்களுக்கென அவர் தெரிந்துவைத்தது ஒரு பெண் குட்டி. எல்லாரையும் இடித்துத் தள்ளி முன்னால் வந்ததும் அல்ல. மூலையில் ஒடுங்கியதும் அல்ல. வந்து முகர்ந்து, திரும்பிப் போய், மறுபடியும் தானாக வந்தது. பிள்ளைகளும் வயதானவரும் உள்ள வீட்டிற்கு அதுவே ஏற்றது என்றார். கிறிஸ்மஸுக்குத்தான் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். "வேண்டாம் அம்மா. பண்டிகை வாரத்தில் எவருக்கும் குட்டி தரமாட்டேன். விருந்தினர் கூட்டம், வெடிச்சத்தம், ஆளுக்கு ஒரு பலகாரத் துண்டு. புதிதாக வந்த குட்டி மிரண்டுபோகும். ஒன்று முன்னால் எடுங்கள், இல்லையேல் பொங்கல் கழித்து வாருங்கள்," என்றார். எட்டு வாரம் நிறைந்ததும், கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் முன்பாகவே, மறுபடியும் ராஜபாளையம் சென்றோம். இம்முறை அத்தையும் வந்தார்.

விலை முந்தையதைப் போல இரு மடங்கு. அத்தை பேரம் பேசவில்லை. என் கணவரும் வாய் திறக்கவில்லை. இறந்த குட்டியின் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், மலிவாக வாங்கியதே விலை உயர்ந்ததாக முடிந்திருந்தது. பெரியவர் ஒரு தாளில் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையொப்பமிட்டார். மூன்று நாட்களுக்குள் எங்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் ஏதும் தென்பட்டால் குட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். எக்காலத்திலும் எக்காரணத்தாலும் வளர்க்க இயலாமற்போனால் பிறருக்கு விற்காமல் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மறு ஊசிகளின் நாட்களையும், மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் அதைத் தொடர வேண்டும் என்பதையும் தனியே குறித்துக் கொடுத்தார். ஒரு வாரத்திற்கு வேண்டிய கேழ்வரகு மாவையும், தாயின் மணம் படிந்த ஒரு துணித் துண்டையும் கட்டிக் கொடுத்தார். முதல் சில இரவுகள் அந்தத் துணியின்மேல் படுத்தால் குட்டி அதிகம் அழாது என்றார்.

புறப்படும் நேரத்தில் மகனைக் காணவில்லை. கொல்லைப்புறத்தில் தேடினேன். தாய் நாய் தென்னையடியில் படுத்திருந்தது. குட்டியைக் கையில் ஏந்தியபடி அதற்கு மூன்று முழம் தள்ளி அவன் மண்டியிட்டு நின்றான். அது உறுமவில்லை. கழுத்தை நீட்டிக் குட்டியை ஒருமுறை நக்கிற்று. பின்பு அவனுடைய கையையும் முகர்ந்து பார்த்தது. அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் அமர்ந்த பின்பு அவனே என்னிடம் சொன்னான்: "இதனுடைய அம்மாவுக்குத் தெரியும் அம்மா. நான் சொல்லிவிட்டேன்."

வாசகப் பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் நாய்க்குட்டியை வாங்கிக் கொடுங்கள்; வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்தும், பேருந்து நிலையத்தில் கைமாற்றியும் வாங்காதீர்கள். பிறந்த இடத்திற்கே போய்த் தாயைப் பாருங்கள். எட்டு வாரம் நிறைந்ததா, எழுதிய கணக்கும் ஊசி அட்டையும் உண்டா என்று கேளுங்கள். அதைவிட மேலாக, விற்பவர் உங்களை ஏதேனும் கேட்கிறாரா என்று கவனியுங்கள். தம் குட்டி எங்கே போய் வாழப்போகிறது என்று கவலைப்படாதவர், அது எங்கிருந்து வந்தது என்பதிலும் கவலை கொண்டிருக்கமாட்டார். இவை எதுவும் பெரிய இரகசியமல்ல. எங்கள் வீட்டில் அத்தை முதல் நாளே ஒரே வரியில் கேட்டதுதான். நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

குட்டி வந்த மூன்றாம் நாள் பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது. பிறகு ஒவ்வொரு மாதமும் வந்தது. மறு கோடையில் போக முடியாதபடி 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு குறுக்கிட்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான் நாயோடு அவரைக் காணச் சென்றோம். அந்தக் காது கேளாத ஆண் நாய் நெடிதுயர்ந்து வளர்ந்திருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரின் பாதத்தின்மேல் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்தது அதற்குத் தெரியவில்லை. அவர் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினார். அது எழுந்து நின்று அவருடைய கையசைவைப் பார்த்தது. பின்பு நேராக என் மகனிடம் நடந்து வந்தது.